ஸ்காபரோவில் பங்குனி மாதப் பறவைகள்: பின்வளவிலும் ஓடைக்கரையிலும் எவற்றைப் பார்க்கலாம்?

பின்வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவின் கிழக்குப் பகுதியில், ஹைலண்ட் கிறீக் ஓடும் பள்ளத்தாக்கை ஒட்டிய வீடொன்றுக்கு நாங்கள் சென்ற ஆவணியில் குடிவந்தோம். பின்வளவு வேலிக்கு அப்பால் சரிவு, சரிவின் அடியில் மரங்கள், மரங்களுக்கு நடுவே ஓடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு 72 வயது. பனியில் வழுக்கிவிடும் என்ற பயத்தில் மார்கழியிலிருந்து அவர் வெளியே அதிகம் போகவில்லை. சமையலறை யன்னல் அருகே கதிரையைப் போட்டு அமர்ந்து, வளவுக்கு வரும் பறவைகளைப் பார்ப்பதே அவருடைய காலைப்பொழுதாகிவிட்டது. ஊரில் புலுனி, செண்பகம், ஆட்காட்டி என்று ஒவ்வொன்றையும் குரலை வைத்தே சொல்லக்கூடியவர், இங்கே வருகின்றவற்றின் பெயரை என்னிடம் கேட்கிறார். எனக்கோ கார்டினலையும் காகத்தையும் தவிர வேறொன்றும் தெரியாது.

குளிர்காலம் முழுவதும் ஏறக்குறைய அதே பறவைகள்தான் வந்தன. மார்ச் இரண்டாம் வாரத்தில் எல்லாம் மாறத் தொடங்கியது. தோளில் சிவப்புப் பட்டையுள்ள கறுப்புப் பறவை ஒன்று, ஓடையருகே நீர் தேங்கும் இடத்தில் காய்ந்து நிற்கும் சம்பங்கோரையின் உச்சியில் அமர்ந்து நாள் முழுவதும் கத்துகிறது. பழுப்பு நிறச் சிறு குருவிகள் பல வருகின்றன. அவை எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான பறவைகளின் பட்டியல் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் மலைப்புத்தான் மிஞ்சுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

வேறு மூன்று விடயங்களையும் கேட்க வேண்டும். அம்மா ஊரில் செய்தது போலவே, சமைத்ததும் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். இங்கே அதைப் பின்வளவுப் புற்றரையில் வைக்கிறார். இது சரியா? அடுத்தது, போன சனிக்கிழமை சிறு பறவையொன்று யன்னல் கண்ணாடியில் மோதி விழுந்து இறந்துவிட்டது. அம்மா அன்று முழுவதும் அதையே சொல்லி வருந்தினார். அப்படி மீண்டும் நடக்காமல் என்ன செய்யலாம்? மூன்றாவதாக, இருட்டும் வேளையில் ஓடைக்கு அப்பாலுள்ள புல்வெளியிலிருந்து மூக்கால் பேசுவது போன்ற குறுகிய ஒலி சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்கிறது. தவளையோ என்று நினைத்தோம். அது என்னவாக இருக்கும்?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். நானும் அதே பள்ளத்தாக்கின் மேல்கரையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவன். முதலில், பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். அம்மா ஊரில் பறவைகளைப் பட்டியலிலிருந்து கற்றிருக்க மாட்டார். எது எங்கே இருக்கும், எதைத் தின்னும், எப்போது கத்தும் என்று பார்த்துப் பார்த்தே அறிந்திருப்பார். இங்கும் அதே வழிதான் பலன் தரும். அதற்கு இந்த ஆறு வாரங்களைவிடப் பொருத்தமான காலம் ஆண்டில் வேறில்லை. பெரும்பாலான மரங்கள் மே மாதம் பிறக்கும்வரை இலை விரிப்பதில்லை. அதனால் கிளையில் அமரும் ஒவ்வொரு பறவையையும் முழுமையாகப் பார்க்க முடிகிறது. பறவைகளும் எல்லாம் ஒரே நாளில் வந்து குவிவதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று இனங்களாக வருவதால், ஒன்றைப் பழகிய பிறகு அடுத்ததைப் பழகலாம்.

வருகையின் வரிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உணவுதான். விதையும் பழைய பழங்களும் தின்று சமாளிக்கக்கூடியவை முதலில் வருகின்றன. பறக்கும் பூச்சியை நம்பியிருப்பவை அதற்குப் பின்னரே வருகின்றன. இலைப்புழுவை உண்ணும் வாப்ளர் எனப்படும் வண்ண வண்ணச் சிறு பறவைகளில் பெரும்பாலானவை மே மாதத்தில், இலை விரியும்போது வருகின்றன. ஒரு பறவையைப் பார்த்ததும் அதன் பெயரைத் தேடுவதற்கு முன்னர் அது என்ன தின்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நீங்கள் கண்ட சிவப்புத் தோள் பறவை ரெட்விங்க்ட் பிளாக்பேர்ட். இப்போது வந்திருப்பவை எல்லாம் ஆண்கள். நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகப் பெண்களுக்குச் சில வாரங்கள் முன்னரே அவை வந்துவிடுகின்றன. "கொங்-க-ரீ" என்று கத்தும்போது தோளை விரித்துச் சிவப்பைக் காட்டுவதும், வேறோர் ஆணின் எல்லைக்குள் நுழையும்போது அதே சிவப்பை மறைத்துக்கொள்வதும் கவனித்துப் பார்க்க வேண்டியவை. ஏப்ரலில் பெண்கள் வரும்போது ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. பழுப்புக் கோடுகளோடு பெரிய குருவி போலவே இருக்கும். உங்கள் வளவில் "ஒன்றுபோலத் தெரியும்" பழுப்புப் பறவைகளில் இவையும் பின்னர் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பழுப்புக் குருவிகளில் இப்போது இரண்டை மட்டும் பிரித்தறியுங்கள். வீட்டுக் கூரையோரத்தில் கூட்டமாகச் சலசலப்பவை ஊரில் நாம் அறிந்த அதே சிட்டுக்குருவிகள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து இக்கண்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவை. மற்றது சோங் ஸ்பரோ. அது தனியாக, ஓடைக்கரைப் புதரின் உச்சியில் அமர்ந்து தலையை உயர்த்திப் பாடும். மார்பு முழுவதும் பழுப்புக் கோடுகள் இருக்கும்; நடுவில் அவை ஒன்றுகூடிப் புள்ளிபோல் தெரியும். இந்த ஒன்றை நன்றாகப் பழகிவிட்டால், இனி வரும் ஒவ்வொரு புதிய குருவியையும் "சோங் ஸ்பரோவைப் போலவா, இல்லையா?" என்று ஒப்பிட முடியும்.

குளிர்காலம் முழுவதும் நிலத்தில் கொத்தித் தின்ற, மேலே கருஞ்சாம்பலும் வயிறு வெள்ளையுமான பறவைகளை அம்மா பார்த்திருப்பார். அவை ஜங்கோக்கள். எழுந்து பறக்கும்போது வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு நம்முடைய குளிர்காலமே தெற்கத்திய வெப்பம். ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். வருகின்றவற்றைக் குறித்துக்கொள்வது போலவே, கடைசி ஜங்கோவைக் கண்ட நாளையும் குறித்து வையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை; பறவை வந்தது தெரிகிறது, போனது தெரிவதில்லை.

ராபின் வந்தால்தான் வசந்தம் என்று இங்கே சொல்வார்கள். ஆனால் சில ராபின்கள் குளிர்காலத்திலும் பள்ளத்தாக்கிலேயே தங்கி, மரத்தில் எஞ்சிய பழங்களைத் தின்று பிழைக்கின்றன. மண் இளகியதும் அவை புற்றரைக்கு இறங்கி மண்புழு தேடும். நாம் "வந்துவிட்டது" என்கிறோம். சில அடிகள் ஓடி, சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து மண்ணைப் பார்த்துப் பிறகு கொத்தும் அந்த நடையை அம்மா ஒருமுறை பார்த்தால் போதும், தொலைவிலிருந்தே சொல்லிவிடுவார்.

இனி ஓடைக்கு வருகிறேன். பறவை பார்ப்பவனுக்கு இப்பருவத்தில் ஓடையே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. குளங்கள் உறைந்து கிடக்கும்போதும் ஓடுகின்ற நீர் திறந்தே இருக்கிறது. நீருக்கடியில் வளரும் பூச்சிகள் சில, பனி கரையும் முன்னரே இறக்கை முளைத்து வெளியே வருகின்றன. நடுப்பகலில் ஓடையோரப் பனிமீது சிறிய கறுப்புப் பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். அதனால், பூச்சி தின்னும் பறவைகளில் முதலில் வருகின்றவை நேரே ஓடைக்குத்தான் வருகின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் பாலத்தின் அருகே தாழ்ந்த கிளையில் அமர்ந்து வாலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பறவை ஃபீபி. அது பாலத்தின் அடியில் மண்ணும் பாசியும் சேர்த்துக் கூடு கட்டும். ஏறக்குறைய ஆறு கிராம் எடையே உள்ள, உச்சந்தலையில் மஞ்சள் கோடு தீட்டிய கிங்லெட் குருவிகளும் அதே நாட்களில் கரையோரப் புதர்களில் ஓயாது துள்ளும்.

மீன்கொத்தியும் இங்குண்டு. ஊரில் கண்ட நீலப் பளபளப்பு இதற்கு இல்லை. சாம்பல் கலந்த நீலம், கலைந்த கொண்டை, கிலுகிலுப்பையை ஆட்டுவது போன்ற குரல். பல பறவைகளில் ஆணே அழகு மிக்கது. இதில் பெண்ணுக்குத்தான் வயிற்றின் குறுக்கே செம்பழுப்புப் பட்டை கூடுதலாக இருக்கிறது. ஆற்று மண் செங்குத்தாக அரித்து நிற்கும் கரையில் வளை தோண்டி முட்டையிடும்.

வீடுகள் நிறைந்த நகரத்தில் இந்த ஓடைக்கரைகள் எப்படித் தப்பின என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது ரொறன்ரோவின் ஆறுகள் பெருகி, ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தனர். அதன் பிறகே வெள்ளம் ஏறும் தாழ்நிலங்களில் வீடு கட்டுவதைத் தடுத்து, பல இடங்களைப் பூங்காக்களாக மாற்றினார்கள். அந்தத் துயரத்தின் பின்னர் விடப்பட்ட நிலத்தில்தான் இன்று உங்கள் சம்பங்கோரை நிற்கிறது.

கருவிகளைப் பொறுத்தவரை, 8x42 அளவுள்ள (8 மடங்கு பெருக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர்) சாதாரண பைனாகுலர் ஒன்று போதும். 10 மடங்கு பெருக்குவதை வாங்கினால் அம்மாவின் கையில் காட்சி நடுங்கும். கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வுக்கூடம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொண்டால், ஒலியைக் கேட்டு அது பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதைக் கண்ணால் உறுதிப்படுத்தாமல் எழுதி வைக்காதீர்கள். புளூ ஜே என்னும் பறவை பருந்தைப் போலக் கத்தும். மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் எத்தனையோ பறவைகளின் குரலை எடுத்துப் பாடும்.

விதைக்கூடை எழுதியது:

வணக்கம் சகோதரி. பறவை மோதி இறந்ததைப் படித்தபோது வருத்தமாக இருந்தது; எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணாடியில் தெரியும் மரத்தின் நிழலுருவை உண்மையான மரம் என்று எண்ணித்தான் பறவை பறந்து வருகிறது. பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டுவதால் பயனில்லை. பறவை அதைச் சுற்றிப் பறந்து பக்கத்துக் கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், முழுப் பரப்பிலும், 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் சிறு புள்ளிகளை ஒட்ட வேண்டும். உட்பக்கம் ஒட்டினால், வெளியே பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். ரொறன்ரோவில் 1993 முதல் இதற்காகவே உழைத்துவரும் ஃபிளாப் கனடா என்னும் அமைப்பும் இந்த முறையையே வலியுறுத்துகிறது. புள்ளிகளால் அம்மாவின் பார்வை மறையுமே என்று அஞ்ச வேண்டாம். சில நாட்களில் கண் அவற்றைக் கடந்து பார்க்கப் பழகிவிடும்.

மோதிய பறவை உயிரோடு இருந்தால், காற்றுத் துளையிட்ட சிறு அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ உணவோ கொடுக்கக் கூடாது. பிறகு வெளியே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். பறக்க முடியாவிட்டால் காட்டுயிர் மருத்துவ நிலையத்தை அழைக்க வேண்டும். வெளியே கிடந்தால் பூனைக்கு இரையாகும் என்பதால்தான் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன்.

பறவைகளுக்கு விதை வைக்கும் ஃபீடர் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைப்பதென்றால் கண்ணாடிக்கு ஒரு மீற்றருக்குள் மிக அருகில் வையுங்கள். அங்கிருந்து எழும் பறவைக்கு மோதிக் காயப்படும் அளவு வேகம் வராது. கறுப்புச் சூரியகாந்தி விதை ஒன்று போதும். கார்டினல், சிக்கடி, ஃபிஞ்ச் எல்லாம் அதைத் தின்னும். கோல்ட்ஃபிஞ்ச் வேண்டுமென்றால் நைஜர் விதையைத் தனிக் குழாயில் வைக்கலாம். அது இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைகின்ற நம்முடைய பேயெள்ளுத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழற்றி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் என்று கலந்து கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே விதை போடுங்கள். கண் வீங்கி, இமை ஒட்டிய ஃபிஞ்ச் ஒன்றைக் கண்டால் உடனே ஃபீடரை இறக்கிச் சில வாரங்கள் உள்ளே வைத்துவிடுங்கள். அந்த நோய் ஃபீடரிலிருந்து ஃபீடருக்குப் பரவுகிறது.

காகச்சோற்றைப் பற்றி எழுதத் தயங்கினேன், ஏனென்றால் என் மாமியாரும் அதை விட மனமில்லாமல் இருந்தவர். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ரொறன்ரோ நகரில், சொந்த வளவாக இருந்தாலும், காட்டுயிர்களுக்கு உணவிடத் தடை இருக்கிறது. தரைக்கு மேலே உயரத்தில், சுத்தமாக வைக்கப்படும் ஃபீடரில் சிறு பாட்டுப் பறவைகளுக்கு விதை வைப்பதற்கு அதில் விலக்கு உண்டு. புற்றரையில் வைக்கும் சோறு அதற்குள் வராது. சட்டத்தை விட்டாலும், அந்தச் சோற்றைக் காகத்துக்கு முன்னர் எலியும் ரக்கூனும் கண்டுபிடித்துவிடும். என் மாமியார் இப்போது சமைத்ததும் ஒரு பிடி சூரியகாந்தி விதையை ஃபீடரில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட அமர்கிறார். முதல் வாரம் மனக்குறையோடு செய்தார். கார்டினல் சோடி தவறாமல் அந்த நேரத்துக்கு வரத் தொடங்கிய பிறகு, அதைத் தன்னுடைய கடமையாகவே எடுத்துக்கொண்டார். இப்பருவத்தில் ஆண் கார்டினல் விதையை உடைத்துப் பெண்ணின் அலகில் ஊட்டுவதை உங்கள் அம்மாவும் பார்க்கக்கூடும்.

பின்வளவு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பட்டியலை மூடிவிட்டு, அம்மாவும் நானும் ஒரு பழைய கொப்பியில் திகதி போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். சோங் ஸ்பரோவின் மார்புப் புள்ளியை அம்மாதான் முதலில் கண்டார். காகச்சோற்றைப் பற்றி விதைக்கூடை அக்கா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விதையும் அன்னம்தானே" என்றார்.

நேற்று வெயிலாக இருந்ததால் அவரைக் கைபிடித்து ஓடைக்கரைப் பாதைவரை கூட்டிச் சென்றேன். வாகனம் நிறுத்துமிடத்தின் சரளைக்கற்களில் நீண்ட கால்களோடு ஒரு பறவை ஓடியது. வெள்ளை மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். எங்களைக் கண்டதும் வட்டமிட்டுப் பறந்து ஓயாமல் கத்தியது. அம்மா உடனே "இது ஆட்காட்டி" என்றார். இல்லை, இங்கே ஆட்காட்டி கிடையாது என்று சொன்னேன். நான் சொன்னது சரிதானா? அந்தியில் கேட்கும் ஒலிக்கும் இன்னும் விடை கிடைக்கவில்லை.

அந்திப்புல் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னது தவறில்லை. நீங்கள் கண்டது கில்டீர். ஆட்காட்டியும் அதுவும் ஒரே குடும்பம். குணமும் அதேதான்: ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும், கூடென்று எதையும் கட்டாமல் வெறும் கற்களுக்கு நடுவே கல்லைப் போன்ற முட்டையிடும். ஏப்ரலில் அதே இடத்துக்குப் போனால் காலடியைப் பார்த்து நடங்கள். சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு அது உங்கள் முன்னே தத்தளித்தால், முட்டை அருகில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்தவன். ஸ்காபரோவுக்குப் பக்கத்து நகரான பிக்கரிங்கில் குடியேறிய முதல் ஆண்டில் இந்தக் குரலைக் கேட்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறேன்.

அந்தி ஒலி, நீங்கள் விவரித்தபடி பார்த்தால், அமெரிக்கன் வுட்கொக். நம் வயல்களுக்குப் பனிக்காலத்தில் வரும் உள்ளானுக்கு நெருங்கிய உறவு. உருண்ட உடல், காய்ந்த இலையின் நிறம், நீண்ட நேரான அலகு. அலகின் நுனியை மட்டும் அசைத்து மண்ணுக்குள் புழுவைப் பற்றி இழுக்கும். அலகு மண்ணில் இருக்கும்போதே பின்னால் வரும் ஆபத்தைக் காணும் வகையில் கண்கள் தலையின் மேற்புறமாகப் பின்தள்ளி அமைந்திருக்கின்றன. பகலில் நீங்கள் அதன் அருகே நின்றாலும் தெரியாது.

மூக்கொலியாக "பீன்ட்" என்று கத்துவது ஆண், பெண்ணை அழைக்கிறது. அந்த ஒலி நின்றவுடன் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், ஏனென்றால் அதன் பிறகுதான் காட்சியே தொடங்குகிறது. அது புல்லிலிருந்து எழுந்து, அகன்ற வட்டங்களில் சுழன்று சுழன்று, கண்ணுக்குப் புள்ளியாகும்வரை மேலே ஏறும். ஏறும்போது கேட்கும் கிணுகிணுப்பு தொண்டையிலிருந்து வருவதில்லை. சிறகின் வெளியோரத்திலுள்ள குறுகிய இறகுகளுக்கிடையே காற்றுப் புகுவதால் எழுவது. உச்சியை அடைந்ததும் குரலெடுத்துப் பாடியபடி, காற்றில் சருகு விழுவதுபோல் வளைந்து வளைந்து இறங்கி, ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே வந்து அமரும். உடனே மீண்டும் "பீன்ட்".

இதைப் பார்க்க மழையும் பலத்த காற்றும் இல்லாத மாலையைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் மறைந்து கால்மணி நேரம் கழித்துப் புல்வெளியின் ஓரத்தில், மேற்கு வானம் எதிரே தெரியும்படி நில்லுங்கள். அந்த வெளிச்சத்தில்தான் பறவையின் உருவம் தெரியும். டார்ச் அடிக்கக் கூடாது. கைபேசியில் அதன் ஒலியைப் போட்டு அழைக்கவும் கூடாது. போட்டிக்கு வேறோர் ஆண் வந்துவிட்டதென்று எண்ணி அது தன் பொழுதையும் வலிமையையும் வீணாக்கும். பள்ளத்தாக்கில் ஆந்தைக் கூட்டையோ பருந்துக் கூட்டையோ கண்டால், இடத்தைப் பொதுவில் எழுதாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். பெரிய கொம்பன் ஆந்தை இந்நாட்களில் முட்டைமீதோ குஞ்சோடோ இருக்கும். படமெடுக்கக் கூட்டம் சேர்ந்தால் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும்.

அம்மாவால் நீண்ட நேரம் நிற்க முடியாதென்றால் மடக்குக் கதிரை ஒன்றும் கம்பளியும் எடுத்துச் செல்லுங்கள். வுட்கொக் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் சில அடி முன்னே நகர்ந்து, அது இறங்குவதற்குள் அசையாமல் அமர்ந்துவிட்டால், உங்களுக்கு மிக அருகிலேயே வந்து இறங்கும். ஏப்ரல் முழுவதும் இது தொடரும், ஆகவே அவசரமில்லை. பாதையில் பனிக்கட்டி முற்றும் கரைந்த பிறகே அவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பின்வளவு எழுதியது:

நேற்று மாலை போனோம். மூன்று முறை ஏறி இறங்கியது. மூன்றாவது முறை இறங்கியபோது எங்களுக்கும் அதற்கும் இடையே பத்தடிகூட இருக்கவில்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை விடவில்லை. கொப்பியில் "மார்ச் 29, வுட்கொக், உள்ளானின் சொந்தம்" என்று அவரே எழுதினார். கடைசி ஜங்கோ இன்னும் போகவில்லை. இன்று காலையிலும் ஆறு இருந்தன.